செவிக்கல்

மடவையின் தலையைப் பிளந்தால்
மூளைக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாய்,
அரிசிக் குருணை அளவில் கல் இருக்கும்.
அதை வைத்துத்தான் மீன் கேட்கிறது.
அதை வைத்துத்தான் நான் சோறு தின்றேன்,
முப்பத்தோரு வருஷம்.

கல்லைத் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்
வளையம் வளையமாய் நாட்கள்.
தின்ற நாள் அகலம்.
வெந்நீரில் வாய் பிளந்து கிடந்த நாள்
நெருக்கம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம்
எண்ணூர்க் கழிமுகத்துக்கு அனுப்பினார்கள்,
அனல்மின் நிலையத்துக் கால்வாய் வந்து விழும் இடத்துக்கு.
தேசப்பன் கழி ஊன்றுவார்.
நான் தெர்மாமீட்டரை இறக்குவேன்.
மூன்று நாள். மூன்று நாளும் காலை ஏழு மணி,
கடல் உள்ளே ஏறிக்கொண்டிருந்த நேரம்.
அலுவலக ஜீப் அந்த நேரத்துக்குத்தான் கிடைத்தது.
இதை நான் எவரிடமும் சொன்னதில்லை.
எவரும் கேட்டதுமில்லை.

அறிக்கை, பக்கம் நாற்பத்தேழு:
‘மீன்வளத்தில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை.’
கீழே, முழுசாய், இரா. அங்கயற்கண்ணி.
பேரிலேயே கயல் இருக்கிறதே என்று
இயக்குநர் சிரித்தார்.

அப்புறம் நிறைய வேலை.
வல்லூர் அணைக்கட்டு மதகை
எந்த வாரம் திறந்தால் மீன்குஞ்சு ஏறும் என்று
பொதுப்பணித் துறைக்கு ஒன்பது கடிதம்.
(பரிசீலனையில் உள்ளது.)
முகத்துவாரத்து மணல்திட்டை
ஐப்பசிக்குள் வெட்டச் சொல்லி ஒரு வரைபடம்.
மார்கழியில் வெட்டினார்கள்.
சாம்பல் குழாய் உடைந்த வருஷம்
வலையில் வந்த கிழங்கானைக் கழுவக் கழுவ
சாம்பலாகவே இருந்தது.
அதையும் எழுதினேன்.
எழுத எழுதப் பதவி உயர்வு வந்தது.
கெளுத்தி மட்டும் வந்துகொண்டிருந்தது வலைக்கு.

போன மாசம், அத்திப்பட்டில்
கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம்.
இன்னொரு குழாய், இன்னொரு கால்வாய்.
ஓய்வுபெற ஐந்து வாரம் இருந்தது; தைரியமாகத்தான் எழுந்தேன்.
தண்ணீர் சுடுகிறது, ஆறு தாங்காது என்றேன்.
கம்பெனிப் பையன் நல்ல பையன், குரலே உயர்த்தவில்லை.
ஒரு நகலை நீட்டினான்.
“மேடம், இது உங்க கையெழுத்துதானே?”
மைக் கிரீச்சிட்டது.
“ஆமாம்.”

இரண்டாம் வரிசையிலிருந்து பூங்காவனம் எழுந்தாள்.
பல்லில் பறியைக் கடித்துக்கொண்டு
இரண்டு கையாலும் சேற்றில் இறால் தடவுகிறவள்.
அன்றைக்கும் கரையில் நின்றிருக்கிறாள்;
எனக்கு ஞாபகம் இல்லை.
“நீ காலீல வந்துட்டுப் போய்ட்ட.
நாங்க வத்தத்துலதான் எறங்குவோம்.
அப்பத் தொட்டுப் பாத்தியா?”

அவள் திட்டவில்லை.
நேரம் சொன்னாள், அவ்வளவுதான்.

ராத்திரி ஆய்வகத்தில் பழைய மர அலமாரியைத் திறந்தேன்.
குப்பி எண் 212.
அந்த மூன்றாம் நாள் தேசப்பன் வலையில் விழுந்த
விரல் நீள மடவைக் குஞ்சு.
கல்லை எடுத்துக் காயவைத்து மூடினேன்.
அறிக்கைக்குத் தேவைப்படவில்லை.
இருபத்தொன்பது வருஷமாய்த் தேய்க்கவில்லை.

தேய்த்தேன்.
நூற்றிரண்டு வளையம் தாராளமாய்.
அதற்கப்புறம் பதினேழு,
ஒன்றின் மேல் ஒன்று ஏறி,
முடி நுழைய இடமில்லை.
எண்ணினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடி எண்ணினேன்.
பதினேழாவதுக்கு அந்தப் பக்கம்
கல் இல்லை.
அங்கே நான் நிற்கிறேன்,
கையில் வலையோடு, மீனைத் தூக்கிக்கொண்டு.

வாரியத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன்.
பக்கம் நாற்பத்தேழு தவறு.
அளந்த நேரம் தவறு.
அளந்தவள் பெயர், முழுசாய்.

நாளைக்கு வற்றம் மதியம் ஒன்று நாற்பதுக்கு.
ஜீப் கேட்கவில்லை.
சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால்
அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி
நடந்துவிடலாம்.