வடாலாவில் ஒரு தேர்வு

தண்டவாளத்தை ஒட்டிய வீடு.
மேஜையில் ஆறு இசைப் புத்தகங்கள்,
ஒரு தட்டு கட்லெட்.

முதலாவதை நான்தான் தள்ளினேன்:
நாலு பக்கமும் மெட்டு உனக்கே,
பந்தியில் ‘போதுமா, போதுமா’ என்று
கேட்டுக்கொண்டே நடக்கிற
பெண்ணின் சித்தப்பா நான்.

ஃபிரேனி சிரித்தாள்.
பல் டாக்டர். வயலின்.
நான் வயோலா; வங்கியில் கடன் பிரிவு.
அங்கேயும் என் குரலைத் தேடி
யாரும் வருவதில்லை.

அடுத்தது அழகுதான், ஆனால்
பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில்
நாலு கைக்கும் வேலை.
இன்னொன்றில் உச்சி ஸ்வரம்:
"சனிக்கிழமைக்குள் என் சுண்டுவிரல்
அவ்வளவு வளராது."

கடைசியில் மிஞ்சியது மெதுவான ஒன்று.
ஏழு நிமிடம்.
எப்படிக் கணக்குப் போட்டாலும்
ஒரு பன்வேல் லோக்கல்
உள்ளே புகுந்துவிடும்.

சரி, வாசித்துத்தான் பார்ப்போமே.

நடுவில் ஓரிடம்,
அவள் வில்லைத் தூக்கிக்கொண்டு
எனக்கு வழிவிடுகிறாள்.
அடித்தந்தியை முழு நீளத்துக்கு இழுத்தேன்.
ஜன்னல் கம்பி அதிர்ந்தது,
தட்டில் முள்கரண்டியும்.

நிறுத்தினோம்,
ரயில் போகட்டும் என்று.

வெகுநேரம்
ரயில் எதுவும் வரவில்லை.