மார்கழியில் எண்ணிக்கை ஏன் குறைந்தது

ஏழாம் பக்கத்தில் அந்தக் கேள்வி.
ஐம்பது சொல்லுக்கு ஒரு கட்டம்.
போன தையில் முப்பத்தொரு பிள்ளைகள்,
வைகாசியில் இருபத்தெட்டு,
மார்கழியில் ஒன்பது.
விளக்குக.

மார்கழியில் எங்கள் பக்கம்
யாரும் கல்யாணம் வைப்பதில்லை ஐயா.
பனிக்கு மல்லிகை மொட்டு விடாது.
கிலோ மூவாயிரத்துக்கு ஏறிய பூவை
வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள்.
கட்ட ஆள் வேண்டாம், மூட்டை தூக்கவும் வேண்டாம்.
தாய்க்கு வேலையில்லாத ராத்திரி
பிள்ளை அவள் பக்கத்திலேயே படுத்திருக்கும்.
அதுதான் குறைந்தது.

இங்கிலீஷில் எழுதினால் நூற்றுப் பதினாறு சொல் வந்தது.
ஐயாவை எடுத்தேன். பனியை எடுத்தேன்.
மூவாயிரத்தை எடுக்க மனசில்லாமல் எடுத்தேன்.
மிஞ்சியது 'பருவகால மாற்றம்',
முள் நீக்கிய அயிரை மாதிரி,
அயிரையில் முள்ளை நீக்கினால் என்ன மிஞ்சுமோ அது.

இது எட்டாவது மனு.
பம்பு கம்பெனிக்காரர்கள் மரியாதையாக எழுதினார்கள்:
போற்றத்தக்க பணி, ஆயினும்
எங்கள் ஆலையிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இல்லை.
இன்னொருவர் பதினைந்து தையல் மிஷின் தர வந்தார்.
ராத்திரி ரெண்டு மணிக்குத் தூங்குகிற பிள்ளையை
எந்த மிஷினில் கிடத்துவது என்று கேட்டுவிட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
கலெக்டர் ஆபீசில் திட்டம் இருந்தது, பகல் காப்பகத்துக்கு.
நீங்களும் பகலுக்கு மாறிக்கொள்ளுங்களேன் என்றார் அந்தம்மா,
நல்ல மனசோடுதான் சொன்னார்.
மாட்டுத்தாவணியில் பூ இறங்குவது
ராத்திரி ரெண்டு மணிக்கு.
அதனிடம் யார் போய்ச் சொல்வது?

ஆடிட்டர் துளசிராம் மூன்று வருடக் கணக்கையும்
காசு வாங்காமல் பார்த்துத் தந்தார்.
ஒரு வரியில் மட்டும் பேனா நின்றது:
இதர வரவு, நாலாயிரத்து இருநூறு.
ஜெய்துன் பீவி, பேச்சியக்கா, ஸ்டெல்லா,
பத்தும் இருபதுமாகப் பால் செலவுக்குப் போட்டது என்றேன்.
ரசீது?
ஈரச் சாக்கு சுமக்கிற இடுப்பில்
ரசீது எத்தனை நாள் இருக்கும் சார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பிறகு 'பயனாளிகள் பங்களிப்பு' என்று எழுதி
அடியில் கோடு போட்டார், கொஞ்சம் அழுத்தி.

கேட்டிருப்பது நாலு லட்சத்து எண்பதாயிரம்.
செவ்வந்திக் கமிஷன் கடை மாடிக்கு வாடகை,
ரெண்டு ஆயாக்களுக்குச் சம்பளம், பால், பாய், கொசுவலை,
கழிப்பறைக்கு ஒரு கதவு.
கதவை 'கட்டமைப்பு' பகுதியில் போட்டேன்.

கடைசிக் கேள்வி:
நிதி நின்றபின் எப்படித் தொடர்வீர்கள்?
இப்போது தொடர்கிற மாதிரியே என்று அடித்தேன்.
அழிக்கப் போனேன்.
விட்டுவிட்டேன்.

பதினொன்றே முக்காலுக்குச் சக்கரம் சுற்றியது.
நள்ளிரவோடு தேதி முடிகிறது அவர்களுக்கு.
சுற்றியது, நின்றது, மறுபடி முயல்க என்றது.
கீழே ஆம்னி பஸ்காரன் 'சென்னை சென்னை' என்று கத்துகிறான்.
ஐம்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தது.
பதினாலு இலக்கத்தில் ஒரு எண் வந்தது.
காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

ஒன்று நாற்பதுக்குப் படியேறி வருகிறாள் ஒச்சம்மாள்,
தோளில் பிள்ளை, வாயில் டார்ச் லைட்.
டார்ச்சை எடுத்துவிட்டுக் கேட்டாள்:
தாளு போயிருச்சா?
போயிருச்சு.
எம்பேரு எழுதுனியா அதுல?
பேருக்கு இடமில்லக்கா, எண்ணிக்கைதான்.
சரி, அதுலயாச்சும் இருக்கேன்ல
என்று பிள்ளையைக் கையில் தந்துவிட்டு
முந்தானையை இறுக்கிச் செருகி இறங்கிப் போனாள்.
நாளை பெரிய முகூர்த்தம்.

நோட்டைத் திறந்தேன்.
வரிசை எண் ஒன்று. அங்கயற்கண்ணி, ரெண்டே முக்கால் வயசு.
வந்த நேரம் ஒன்று நாற்பது.
லேசாகச் சளி.
இடது கால் கொலுசு இல்லை, வரும்போதே இல்லை.