எட்டிலிருந்து பன்னிரண்டு

ஷாக்கின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் வார் கட்டி
வெள்ளிக்கிழமை அனுப்பினேன்.
மணல் எவ்வளவு அமுக்குமோ
அவ்வளவு மேலே ஏறி நிற்கும் அது.

திங்கள் காலை, அல் ஐன் சனையா.
"வல்லாஹி, மெதுவாகத்தான் ஓட்டினேன்"
என்கிறார் கல்ஃபான்.
வண்டிக்கடியில் மல்லாந்து பார்க்கிறேன்:
வார் உச்சியில் முட்டி நசுங்கியிருக்கிறது.
பறந்திருக்கிறார் மனுஷன்.

ஒன்றும் கேட்கவில்லை.
குமிழைத் திருகுகிறேன்,
கிளிக், கிளிக்,
எட்டிலிருந்து பன்னிரண்டு.

ஸ்பிரிங் இடுக்கிலிருந்து
ஒரு பிடி சிவப்பு மணல்
கழுத்துக்குள் கொட்டுகிறது.
ஆறு வருஷத்தில்
எனக்குக் கிடைத்த பாலைவனம்
இதுதான்.

"வர்ற வாரம் நீயும் ஏறு,
பக்கத்து சீட் காலிதான்."

பதில் சொல்லாமல்
வாரைக் கீழே இறக்கி வைக்கிறேன்,
இரண்டு பேர் எடைக்கு
இன்னொரு கிளிக்.