ஆறு வாய்

என் தொட்டி லாரி டியூபுக்கு அளவெடுத்தது.
படகை எங்கே முக்குவது?
கடலில் முக்கினால்
ஓட்டை விடும் குமிழி எது, அலை விடும் குமிழி எது?

சின்னப்பாலத்திலிருந்து நாலு பெண்கள்
தலைச்சுமையாய்க் கொண்டுவந்து கடைவாசலில் போட்டார்கள்.
காற்றுப் போய், வெயிலில் கிடக்கும் திருக்கை மாதிரி.
பாசி எடுக்கப் போக யாரோ தருமத்துக்குக் கொடுத்தது.
ஆரஞ்சு நிறம். பக்கத்துக்கு ஒரு குழல்,
மூக்கிலிருந்து வால்வரை ஒரே அறை.
"இதுக்கும் ஒட்டுப் போடுவீகளா சீனியண்ணே?"
இருளேஸ்வரி கேட்டாள்.
பத்து விரலிலும் துணி சுற்றியிருந்தாள், பார்க்கல் கிழிக்காமலிருக்க.
அந்தத் துணியைத்தான் முதலில் பார்த்தேன்.
படகுக்கு அது இல்லை.

ஒட்டினேன்.
விடிகாலையில் மத்தளம்போல் ஏற்றிக்கொண்டு போவார்கள்.
பதினோரு மணி வெயிலில் உள்காற்று பெருத்து
மூட்டோரம் பசை வாய்பிளக்கும்.
சாயங்காலம் என் வாசலில் மறுபடி திருக்கை.
ஏழு ஒட்டு. ஒன்பது.
ஒட்டின்மேல் ஒட்டு வைக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

தெர்மாகோல் அடைத்தது என் தப்பு.
மீன்பெட்டிகளை உடைத்து உள்ளே திணித்தேன்,
காற்றே வேண்டாம், வெடிக்க ஒன்றுமில்லை என்று.
பத்தே நாளில் உப்புத் தண்ணீர் குடித்து
ஆறு பேர் இழுத்தும் கரையேறவில்லை.
பிதுங்கிய உருண்டைகள் சோற்றுப் பருக்கையாய் மிதந்தன,
குஞ்சு மீன்கள் கொத்திக் கொத்திப் பார்த்தன.
அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
அன்றைக்குக் கடை திறக்கவில்லை.

பிறகு
பழைய லாரி டியூபை அறுத்து நீட்டி
இரு முனையும் சுட்டு மூடி
பக்கத்துக்கு மூன்று பை. மொத்தம் ஆறு பை, ஆறு வாய்.
அடிவயிற்றில் தேய்ந்த டயரின் பட்டை:
கல் அதைத் தின்னட்டும், தின்றால் மாற்றிக்கொள்ளலாம்.
வாய்களை வெளிப்பக்கம் வைத்தேன், பம்பு அடிக்க வசதியென்று.
கரையில் நின்று அடிக்கிறவனுக்கு வசதி.

கச்சான் எடுத்த ஒரு நாள், தீவுக்கு இப்பால்,
இடப்பக்கம் மூன்றாம் பை கழுத்தில் விரிந்தது.
மற்ற ஐந்தும் நின்றன. வால் மட்டும் அமிழ்ந்தது.
கால்பம்பின் குழாய் அன்றுதானா கிழிய வேண்டும்?
விரல்துணியை அவிழ்த்து
விரிசலைச் சுற்றிக் கட்டினாளாம் இருளேஸ்வரி.
நம்புதாய் தண்ணீரில் இறங்கித் தொங்கிக்கொண்டே
அதன் வாயில் வாய் வைத்து ஊதினாளாம்.
முங்கினால் ஒன்றரை நிமிஷம் மூச்சடக்குகிற நெஞ்சு.
அவள் ஓய்ந்தால் அடுத்தவள்.
நாலு பேர் மூச்சில் கரை சேர்ந்தது.
வந்து என்னை ஏசவில்லை.
"வாயை உள்பக்கமா வையிங்கண்ணே" என்றாள் நம்புதாய்,
"ரப்பர் ருசி இன்னும் போகல."

படகு செய்த கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போன் போட்டேன்.
எஞ்சினியர் நல்ல மனுஷன்.
"வரைஞ்சு அனுப்புங்க" என்றார்.
எனக்கு வரையத் தெரிந்ததெல்லாம் சாக்பீஸால் தார்ரோட்டில்.
முழு அளவுக்கே போட்டேன், பன்னிரண்டு அடி.
ஆறு பை, ஆறு வாயும் உள்ளே,
வெயில் ஏறினால் தானே காற்றைக் கக்கும் மூக்கு ஒன்று,
பம்பு செத்தாலும் மூச்சு இருக்குமே, அதற்கு ஒரு நீளக் குழாய்,
முங்கி எழுந்தவள் தொடை உரசாமல் ஏற
தண்ணீர் மட்டத்தில் ஒரு கயிற்றுப் படி.
போனை எடுத்து வருவதற்குள்
ஐஸ் லாரி ஒன்று, சொட்டச் சொட்ட, அதன்மேல் ஏறிப் போனது.
அப்படியே படம் பிடித்து அனுப்பினேன்.

மறுநாள் கூப்பிட்டார்.
"எல்லாம் சரி. பைகளுக்கு நடுவே
சாய்வா ஒரு தடுப்பு போட்டிருக்கீங்களே,
அது எப்படித் தோணுச்சு?
நேர்த் தடுப்பைவிட அது நல்லாத் தாங்கும்."

ஈர டயர்த் தடம். சாய்வாகத்தான் போயிருந்தது.
ஒரு நொடி யோசித்தேன்.
"அது எங்க ஊர் வழக்கம் சார்" என்றேன்.