முப்பத்தாறு சுற்று

பள்ளிப்பட்டில், மூடிக்கிடந்த உரக் கிடங்கில்
தொண்ணூறு நாள் பயிற்சி.
தையல் வகுப்பு நிறைந்துவிட்டதாம்.
மிச்சமிருந்தது மோட்டார் காயில்.
பஸ் காசு தருகிறார்கள் என்றுதான்
பெயர் எழுதினேன். பொய் சொல்வானேன்.

ஒன்பது பேர். மூன்றாம் வாரம் ஏழு.
நீலவேணிக்கு நிச்சயமாகிவிட்டது.
முனிலட்சுமி மாங்கூழ் ஆலைக்குப் போனாள்,
சீசன் கூலி காத்திருக்காது.

எரிந்த மோட்டாரைத் திறந்தால்
வெல்லமும் தலைமுடியும் சேர்ந்து கருகிய நாற்றம்.
கறுத்த கம்பியை வெட்டியெடுத்து
இருபத்து நாலு பள்ளத்தையும் சுரண்டி
காகிதம் மடித்துச் செருகி
புதுச் செம்பைச் சுற்ற வேண்டும்.
ஒரு பள்ளத்துக்கு முப்பத்தாறு.
குறைந்தால் சூடேறும்.

சார் தமிழில் எண்ணுவார்.
என் வாய் தன்னால்
ஒகட்டி, ரெண்டு, மூடு என்றே போகும்.
ரெண்டு மட்டும் ரெண்டிலும் ரெண்டு.
அந்த இடத்தில் அவரும் நானும் சேர்ந்து
மூன்றில் பிரிந்துவிடுவோம்.
பதினேழில் போன் அடிக்கும்,
பிள்ளைக்குக் காய்ச்சல் என்று.
அவிழ்த்து
முதலிலிருந்து.

நான் ரெட்டெம்மா.
சான்றிதழில் ரத்தினம்மாள்.

முதல் வேலை எல்லைக்கு அந்தப் பக்கம்,
ஜெகந்நாதம் நாயுடுவின் கரும்புத் தோட்டம்.
போன தையில் அங்கேதான் சோகை உரித்தேன்.
'மெக்கானிக் ஏடி?' என்றார்.
ஏடி என்றால், எங்கே அவன்.
எனக்குப் பின்னால் பார்த்தார்.
பின்னால் அக்கா மகன், பதினொரு வயது,
ஸ்பானர் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றி, காயவைத்து
மூன்றாம் நாள் கொண்டுபோய் மாட்டினேன்.
ஸ்விட்ச் போட்டதும் ஓடியது.
ஓடி என்ன,
தண்ணீர் மூத்திரம் மாதிரி வந்தது.
நாயுடு சிரித்தார். பரவாயில்லை.
வரப்பில் நின்ற பெண்களும் சிரித்தார்கள்,
என்னோடு சோகை உரித்தவர்கள்.
அதுதான் சுட்டது.

மோட்டார் திருப்பிச் சுற்றுகிறது.
மூன்று வயரில் ஏதாவது ரெண்டை
இடம் மாற்றினால் போதும்.
கை நடுங்கியது, மாற்றினேன்.
குழாய் இருமியது. சேறு துப்பியது. ஒரு தவளை வந்தது.
பிறகு வாய்க்கால் நிறைகிற சத்தத்தில்
யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை.

பணத்தைப் பையன் கையில் கொடுத்தார்.
வாங்கி எண்ணினேன்,
தொண்ணூறு நாள் எண்ணிய விரல்.
ஐம்பது குறைந்தது.
குறைகிறது என்று சொன்னேன்,
எந்த மொழியில் என்று ஞாபகமில்லை.
அவர் சட்டைப்பையைத் தடவினார்.