போலி

என் பெயர் பொழிலன்.
பாஸ்போர்ட்டில் பொலிலன்.
ஃபர்வானியாவில் எங்கள் டெலிவரி கம்பெனியின்
எகிப்துக்கார சூப்பர்வைசருக்கு அதுவும் நீளம்.
போலி என்கிறார்.
போலி, ஆர்டர். போலி, லேட். யல்லா, போலி.
அர்த்தம் தெரிந்தவன்
அந்த வாசலில் நான் ஒருத்தன்தான்.

அறையில் ஃபோன் தெரிந்தவன் என்றால் அதுவும் நான்தான்.
எட்டுப் பேருக்கு ஆப் இறக்கிக் கொடுத்திருக்கிறேன்,
மறந்த பாஸ்வேர்டுகளை மீட்டுக் கொடுத்து
டீ வாங்கிக் குடித்திருக்கிறேன்.

ஜூலை. இரவு எட்டு மணிக்கும்
ஹெல்மெட்டுக்குள் உலை.
சிக்னலில் நிற்கும்போது ஹேண்டில்பாரில் செய்தி ஒளிர்ந்தது:
உங்கள் வண்டிக்கு ஐந்து தினார் அபராதம்,
இன்றிரவு கட்டாவிட்டால் இருபது.
பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.
ஆறு இலக்கம் வந்தது, போட்டேன்.
இன்னொரு ஆறு வந்தது,
எதற்கென்று படிக்கவில்லை, அதையும் போட்டேன்.
பச்சை விழுந்தது.

அடுத்த சிக்னலில்
நூற்றுப் பதினெட்டு தினார் இல்லை.
வாட்ஸ்ஆப்பும் என்னை வெளியே தள்ளிக்
கதவைச் சாத்திக்கொண்டது.

பிரியாணிக் கடை வாசலில்
ஆர்டருக்கு நின்றிருந்த ரஃபிகுல்
அந்த முகவரியை இரண்டு விரலால் விரித்துக் காட்டினான்.
ஓ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூஜ்ஜியம்.
அவ்வளவுதான்.
மழையை மளை என்று எழுதியதற்கு
வகுப்புக்கு வெளியே முட்டி போட்டவன் நான்.

பணம் போகட்டும்.
என் பெயரில், என் படத்தோடு,
இப்போது எவனோ அங்கே என் தங்கையிடம் பேசுவான்.
அவளுக்குப் பதினைந்து வயது.
அம்மாவின் கணக்கு அவள் கையில்தான்.

ரஃபிகுலின் ஃபோனில் தமிழ் கிடையாது.
இங்கிலீஷ் எழுத்தில் அவசரமாய்த் தட்டினேன்:
மகிலினி, அண்ணன்.
என் நம்பரில் யார் கேட்டாலும் காசு அனுப்பாதே.

யார் நீங்க?
அண்ணன்.
எங்க அண்ணன் என் பேருக்கு ழ போடும்.

பாஸ்போர்ட் பழக்கம் என்று எப்படிச் சொல்வேன்.
குரல் அனுப்பவா என்றேன்.
குரலையும்தான் இப்ப செய்யறாங்க.
வீடியோவில் வரவா என்றேன்.
தெரியாத நம்பர் வீடியோ எடுக்க மாட்டேன்.
அரை மணி முன்னாடி
அண்ணன் நம்பர்லயே ஒருத்தன் வந்தான்,
டியர் சிஸ்டர்னான், பத்தாயிரம் கேட்டான்.
அவனை பிளாக் பண்ணியாச்சு.
நீங்க ரெண்டாவது ஆள்.

சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.
கடைக்காரன் என் ஆர்டர் எண்ணைக் கத்தினான்.

சரி, ஒரு கேள்வி, என்று வந்தது.
போன மாசம் விழுந்தேன்ல,
எந்தப் பல் உடைஞ்சது?

மூன்று வருஷமாகிறது பார்த்து.
விழுந்ததை யாரும் சொல்லவில்லை.
அவள் சிரிப்பை ஒவ்வொரு பல்லாக நினைத்துப் பார்த்தேன்.
மேல் வரிசை, இடது பக்கம்,
எப்போதும் கொஞ்சம் முன்னே நிற்குமே, அது.
முன்பல், என்று போட்டேன்.

தட்டுகிறாள், நிறுத்துகிறாள்,
மறுபடி தட்டுகிறாள்.

நான் விழவே இல்ல.
போலி.

அதற்கப்புறம் நான் அனுப்பியதெல்லாம்
ஒற்றை டிக்கோடு நின்றன.
நாளைக்கு அம்மாவின் பழைய ஃபோனுக்கு
காசு போட்டுக் கூப்பிட வேண்டும்.
அதற்கும் என்ன கேள்வி வைத்திருக்கிறாளோ.
யார் சொல்லிக் கொடுத்தார்கள் இவளுக்கு,
எந்த ராத்திரி, எதைப் பார்த்துப் பயந்து
இதையெல்லாம் தானே கற்றாள்?
அதைக் கேட்கவும் வழியில்லை எனக்கு.

என்ன சொன்னாள், என்றான் ரஃபிகுல்.
சிரிக்கிறாயே, என்றான்.
ஃபோனைத் துடைத்து அவனிடம் நீட்டினேன்.
பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், என்றேன்.