ஒன்பது விநாடி

மார்த்தாண்டம் சந்தைக்கு எதிரே, மாடியில்
சீயோன் ரெக்கார்டிங் சென்டர்.
எனக்கு அங்கே வேலை
நாடாக்களை அழிப்பது.

எண்பத்தொன்பது, மழைக்காலம்.
குளச்சல் வறுவேல் கப்பலிறங்கி நேரே வந்தான்,
டீசல் மணம் போகாத சட்டை,
கையில் ஒரு கேசட்.
"ரெண்டு காப்பி மக்கா. ஒண்ணு ஊருக்கு, ஒண்ணு கப்பலுக்கு."
குழுவின் பெயர் இருந்த இடத்தை
உப்புத்தண்ணீர் தின்றிருந்தது.
கடைசி எழுத்து மட்டும் ஒரு தூண்டில் முள்ளாக மிச்சம்.

ஓட்டினேன்.
ஒருவன் இருமினான். நாலு வரை எண்ணினான்.
பிறகு
ஒரு தோட்டத்து ரப்பர்க்காய் மொத்தமும் வெடித்து
தகரக் கூரையில் கொட்டியது.

முதலாளி படியேறி ஓடிவந்தார்.
"ஹெட்டு போச்சா?"
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், இரண்டு தடவை.
சுத்தமான ஹெட்டிலும் அதுவேதான்.
"பாடுகானா, ஏசுகானா?"

பதினொரு பாட்டு, பதினேழு நிமிடம்.
ஒரு பாட்டு நான் பெருமூச்சு விடுமுன் முடிந்துவிட்டது.

உறைக்குள் மடித்த தாளை
டிக்‌ஷனரி வைத்து வாசித்தேன்:
ஒரே மதியம். ஒரு வீட்டின் நிலவறை.
செலவு அறுபது டாலர்.
நகலெடு. விற்காதே. கேட்பவனுக்குக் கொடு.
வறுவேலிடம் முப்பது ரூபாய் வாங்கினேன்.

அவன் சொன்னது:
"ஓசிக் கோட்டு தருவாவன்னு மாலுமி மன்றத்துக்குப் போனேன்.
கீழே தரைக்கடியிலே நாலு மொட்டைப் பயலுவ.
சண்டைன்னுதான் நெனச்சேன்.
ஒருத்தன் விழுந்தான், விழுந்ததும் பத்து கை.
மரத்திலேர்ந்து கடல்ல விழுந்தவனைத் தூக்குவமில்லியா, அப்படி.
அந்த வாரமே பிரிஞ்சிட்டானுவளாம்.
அதாக்கும் கடைசி."

முதலாளிக்கு ஆசை.
இங்கிலீஷ் டிஸ்கோ என்று நாற்பது அடித்தார்.
ஒன்றுகூடப் போகவில்லை.
மார்கழியில் கருங்கல் கன்வென்ஷனுக்கு
நாற்பது செய்தி கேசட் ஆர்டர் வந்தது.
"அழிச்சிட்டு இதையே எடுலே."

நான் அழிக்கவில்லை.
சோம்பல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
மேலேயே பதிந்தேன்.
பாஸ்டர், அன்றைக்குக் கரண்டு போனதால்,
பதினேழு நிமிடத்துக்கு
ஒன்பது விநாடி குறைவாகப் பேசியிருந்தார்.

ஆமென்.
உடனே அந்த அலறல், ஒன்பது விநாடி,
கடைசியில் யாரோ சிரிப்பது, ஏதோ உருண்டு விழுவது.

காஞ்சாம்புறத்தில் ஒருத்தி
டேப் ரெக்கார்டருக்கு எண்ணெய் பூசி ஜெபித்தாள்.
கபிரியேல் வாத்தியார் அது அந்நிய பாஷை என்றார்,
எதிர் வரிசை பிசாசு என்றது.
சபை இரண்டாகி
இன்றைக்கும் இரண்டு போர்டு தொங்குகிறது.
முதலாளி என் சம்பளத்தில் நாற்பது கேசட்டைப் பிடித்தார்.

றோஸ்லெட் மட்டும் வேறு காரியமாக வந்தாள்.
அண்டி ஆபீசில் தோடு உடைப்பவள்,
விரல் நுனியெல்லாம் பால் பட்டுக் கறுத்திருந்தது.
"பிரசங்கம் முடிஞ்சு வருமே, அது.
அதுக்க மிச்சம் இருக்கா?"

எனக்கென்று எடுத்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினேன்.
நின்றுகொண்டே பதினேழு நிமிடமும் கேட்டாள்.
"கூலி கேக்கது மாதிரி இருக்கு," என்றாள்.
"எவ்வளவு?"
"வாங்கப்பிடாதுன்னு எழுதியிருக்கு."
"யாரு எழுதினா?"
"பேரு அழிஞ்சு போச்சு."
சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு படியிறங்கினாள்.

ஓணத்துக்கு முன்னால்
போனஸ் கேட்டு கேட்டுக்கு வெளியே இருந்தார்கள்.
நான் பஸ்ஸில், ஜன்னலோரம், தக்கலைக்குப் போகிறேன்.
மைக் இல்லை, கொடி இல்லை, டேப்பும் இல்லை.
நூறு பெண்கள் எழுந்து நிற்க
முன்னால் ஒருத்தி இருமினாள்,
ஒன்று, இரண்டு என்று
எண்ண ஆரம்பித்தாள்.
பஸ் வளைவு திரும்பிவிட்டது.